கறுவல் போட்டில ஏறின கதை: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்தில, முல்லைத்தீவில இருந்து பருத்தித்துறை மட்டும் எங்கட சின்னப் போட்டில நாயையும் ஏத்திக்கொண்டு கரையோரமா ஆறுதலாப் போய் வந்ததைப் பற்றி நாலே நாலு வரிதான் எழுதினன். அதுக்கு வந்த கடிதமும் வொய்ஸ் மெசேஜும் நான் மீன் விலையைப் பற்றி எழுதின காலத்தில ஒருநாளும் வந்ததில்லை. பாதிப்பேர் நாயின்ர பேரைத்தான் கேட்டிருக்கினம். பேர் கறுவல், ஊர் நாய், ஆறு வயசு, ஒரு காது மடிஞ்சிருக்கும், நிறை 15 கிலோ. மிச்சக் கேள்வியளுக்கு இதில பதில் சொல்லுறன்.

அண்ணை, நானும் நாயைக் கூட்டிக்கொண்டு அப்பிடியொரு சுத்துச் சுத்த ஆசை. எந்த மாசம் போறது, எங்கெங்க நிக்கிறது? (வாசகர், அளம்பில்)

தம்பி, அளம்பிலானுக்கு நான் காத்தைப் பற்றிச் சொல்லுறது கொஞ்சம் கூடாதுதான், எண்டாலும் மற்றாக்களும் வாசிப்பினம்தானே. ஐப்பசி பிறந்தா அந்தக் கதையையே விட்டிடுங்கோ. வாடைக்காத்து நேர கரைக்கு அடிக்கும், புயல் வாற காலமும் அதுதான், 2020 மார்கழியில புரெவி வந்தது ஞாபகம் இருக்கும். நல்ல காலம் பங்குனி, சித்திரை. காத்து மாறுற இடைவெளி, கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கும். வைகாசியில சிலாவத்தையில தீர்த்தம் எடுத்து வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் முடியிற நேரம் சோளகம் பிடிச்சிடும். சோளகம் எங்கட பக்கத்தில தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து, அதால கரையோரம் அலையில்லாமல் வடிவாத்தான் இருக்கும், அந்த வடிவிலதான் கனபேர் ஏமாறுறது. இஞ்சின் நிண்டுதெண்டா காத்து உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, வங்காள விரிகுடாவுக்குத்தான் தள்ளிக்கொண்டு போகும். அதால சோளகத்தில போறதெண்டா கரையில நிக்கிற பனையை எண்ணக்கூடிய தூரத்தை விட்டு வெளிய போகாதேங்கோ, நங்கூரமும் நீளக் கயிறும் இல்லாமல் வெளிக்கிடவே வேண்டாம்.

தூரத்தைப் பாத்தா முல்லைத்தீவில இருந்து பருத்தித்துறை ஒரு 47 கடல்மைல் வரும், கடல்மைல் ஒண்டு 1.852 கிலோமீற்றர், அப்ப கிட்டத்தட்ட 87 கிலோமீற்றர். மற்றப் பக்கம் திருகோணமலையும் அவ்வளவுதான், நாங்கள் சரியா நடுவில கிடக்கிறம். தொழில் செய்யிற பெடியள் ஒரு விடியலில ஓடி முடிச்சிடுவாங்கள். எங்களுக்கு மூண்டு நாள் எடுத்தது, காரணம் நாய். நாயோட போகேக்க நாளைக்கு ரெண்டு மணித்தியாலம், கூடினா மூண்டு மணித்தியாலம் ஓட்டம், அதுவும் விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு எட்டு, எட்டரைக்குள்ள கரையில நிக்கவேணும். பேந்து வெயில்.

நாங்கள் முதல் நாள் சுண்டிக்குளப் பக்கம் நிண்டம். முள்ளிவாய்க்கால் கரையைக் கடக்கேக்க நானும் மச்சானும் ஒண்டும் கதைக்கேல்லை, இஞ்சினைக் குறைச்சுக்கொண்டு போனம். அதுக்கங்கால வலைஞர்மடம், மாத்தளன், சாலை. ரெண்டாம் நாள் கட்டைக்காடு, வெற்றிலைக்கேணி தாண்டித் தாளையடியில நிண்டம், மூண்டாம் நாள் மணல்காட்டு மணல்மேட்டைப் பாத்துக்கொண்டே பருத்தித்துறை. இதில துறைமுகம் எண்டு சொல்லக்கூடியது கடைசியில வாறது ஒண்டுதான், மற்றதெல்லாம் வாடியும் மணலும். போட்டை ஓட்டிக் கரையில ஏத்தவேணும். ஏத்தேக்க நாய் அணியத்தில, அதாவது போட்டின்ர முன்பக்கத்தில நிண்டா முட்டின உடன முன்னால பறக்கும், அதால நடுவில, கீழ இருத்தி ஒராள் கழுத்துப்பட்டியில பிடிக்கவேணும்.

பருத்தித்துறைக்குள்ள போறதுக்கு ஊராள் ஒருத்தரைக் கேட்டுப் போங்கோ. முருகைக்கல்லுக்கு நடுவால போட் போற வழியை வான் எண்டு சொல்லுறது, அதுக்குள்ளாலதான் உள்ளடுறது, மணல் கரையில பழகின எங்களுக்கு அது புது வேலை. நேரமிருந்தா அங்கால வல்வெட்டித்துறைக்கும் போய்ப் பாருங்கோ. அங்க கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938ல அமெரிக்காவின்ர குளொஸ்ரர் துறைமுகம் மட்டும் போனது, ஓட்டினது அந்த ஊர் ஆக்கள். அதில நாய் போனதோ எண்டு மச்சான் கேட்டான், அவனுக்கு எப்பவும் உந்தமாதிரிக் கேள்விதான்.

நாய் கடல் தண்ணி குடிச்சா என்ன நடக்கும்? (பள்ளிக்கூட மாணவன், முள்ளியவளை)

கொஞ்சம் நக்கினா வயித்தால போகும், சத்தி எடுக்கும். கனக்கக் குடிச்சா உப்பு ரத்தத்தில ஏறி வலிப்பு வந்து செத்தும் போகும். அதால நல்ல தண்ணி கொண்டுபோறதுதான் முதல் வேலை. கிலோவுக்கு 50, 60 மில்லி எண்டு ஒருநாள் கணக்கு, எங்கட கறுவலுக்கு அப்பிடிப் பாத்தா ஒரு லீற்றர் வரும், ஆனா அது வீட்டு நிழலில படுத்திருக்கிற நாய்க்கு. கடலில ரெண்டு மடங்கு வையுங்கோ, அதுக்கு மேல ஒரு நாளைக்குரியதை வேற கானில மிச்சமா வையுங்கோ. நாங்கள் போகேக்க மனிசருக்கு அஞ்சு லீற்றர் கான் ரெண்டு, நாய்க்குத் தனியா ஒண்டு. சட்டியில ஊத்தி வைச்சா ஆட்டத்தில ஊத்துப்பட்டுப் போகும். பழைய ஐஸ்கிறீம் டப்பாவில ஒரு கை தண்ணி, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா. நாய் தானாக் கேக்கும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ, எங்கட ஆள் கேக்கிறேல்லை, பக்கத்தில கிடக்கிற கடலைத்தான் எட்டி எட்டிப் பாத்தவர்.

அண்ணை, என்ர நாய் நல்லா நீந்தும். லைஃப் ஜக்கெற் எல்லாம் என்னத்துக்கு, வெளிநாட்டு ஸ்ரைல் மாதிரிக் கிடக்கு. (வாசகர், மாத்தளன்)

நானும் உப்பிடித்தான் சொன்னனான், சொல்லி ஒரு மணித்தியாலத்தில வாங்கிக் கட்டினன்.

சாலைப் பக்கம் கரைக்குக் கிட்டப் போறம், ஒரு 30 மீற்றர் இருக்கும், கரையில ரெண்டு ஊர் நாய் நிண்டு குலைக்குது, கறுவல் ஒருக்கா என்னைப் பாத்தான், ஒருக்கா கரையைப் பாத்தான், பாய்ஞ்சிட்டான். நான் இஞ்சினில இருக்கிறன், போட் முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கு, அவன் விழுந்தது பக்கத்தால, தலை பின்னுக்கு வருது, புரொப்பெல்லர் எங்க இருக்கெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கை வேலை செய்யேல்லை. மச்சான்தான் தாவி வந்து இஞ்சினை நிப்பாட்டினவன். பிறகு ஆளைத் தூக்குவம் எண்டா பிடிக்க ஒண்டுமில்லை, நனைஞ்ச நாய் விலாங்கு மாதிரி வழுக்குது, கழுத்துப்பட்டியில பிடிச்சு இழுத்தா மூச்சு இறுகுது, கடைசியா நானும் குதிச்சு அடியால தள்ளி ஏத்தினன். நீச்சல் தெரிஞ்ச நாய்தான். நீச்சல் அதுக்கு உதவவே இல்லை.

ஜக்கெற்றின்ர பிரயோசனம் மிதக்கிறது மட்டுமில்லை, முதுகில இருக்கிற கைபிடி. அதில பிடிச்சு ஒரே தூக்கு. இஞ்ச கடையில கிடைக்காட்டி தையல்காரரிட்டக் குடுத்து, பழைய பிள்ளையள்ற ஜக்கெற்றை வெட்டி, நெஞ்சுக்குக் கீழ ஒண்டு வயித்துக்குக் கீழ ஒண்டெண்டு ரெண்டு பெல்ற் வைச்சு, முதுகில சீற் பெல்ற் நாடாவில கைபிடி அடிக்கலாம். எங்களுக்கு அப்பிடித்தான் அடிச்சது. நிறம் செம்மஞ்சள். கறுப்பு நாய் தண்ணிக்குள்ள தெரியாது, எனக்கு அண்டைக்குத்தான் அது விளங்கினது. இன்னொண்டு, கயித்தில கட்டி வைச்சா பாயாது எண்டு நினைக்காதேங்கோ. கட்டின கயிறு நீளமா இருந்தா பாய்ஞ்சு பக்கத்தில தொங்கும், போட் கவிண்டா கயித்தோட அடியில போகும். கட்டுறதெண்டா போட்டின்ர ஓரத்தை எட்டாத கட்டைக் கயிறு, அதுவும் ஒரு இழுவையில அவிழுற முடிச்சு.

ஐயா, கேக்க வெக்கம். நாய் ஒண்டுக்கு ரெண்டுக்கு எங்க போகும்? (வாசகி, வவுனியா)

வெக்கப்படாதேங்கோ அக்கா, இதைத்தான் எல்லாரும் முதல் கேக்கவேணும். வீட்டில பழகின நாய் போட்டுக்குள்ள போகாது, அடக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டு நிக்கும். நான் செய்தது இதுதான்: தும்புக் கால்மிதி ஒண்டை வேலிக்கரையில, அவன் வழமையாக் கால் தூக்கிற பூவரசுக்குக் கீழ ஒரு கிழமை போட்டு வைச்சன். நல்லா மணம் ஏறின பிறகு (மனிசி பேசின பேச்சை இதில எழுதேலாது) அதைக் கொண்டுபோய் அணியத்தில விரிச்சன். முதல்நாள் திரும்பியும் பாக்கேல்லை, ரெண்டாம் நாள் விடிய மணந்து மணந்து ரெண்டு சுத்துச் சுத்திக் காரியத்தை முடிச்சான். கால்மிதியின்ர மூலையில ஓட்டை போட்டுக் கயிறு கட்டிவைச்சா கடலில ரெண்டு அலசு, வேலை முடிஞ்சுது. எல்லாத்தையும் கழுவாதேங்கோ, மணம் கொஞ்சம் மிச்சம் இருக்கவேணும்.

சாப்பாடு போக முன்னம் நாலு மணித்தியாலத்துக்குள்ள குடுக்காதேங்கோ. நாய்க்கும் கடல் ஒத்துக்கொள்ளாமல் வரும், கொட்டாவி விடும், உதட்டை நக்கும், வீணி வடியும், பேந்து சத்தி. மனிசருக்கு வாங்கின குளிசையைப் பாதியாப் பிச்சுக் குடுக்கிற வேலை வேண்டாம், மாட்டாஸ்பத்திரி டொக்டரைக் கேட்டுக் குடுங்கோ.

வெயிலுக்கு என்ன செய்யிறது? (அதே வாசகி)

நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, இளைச்சு இளைச்சுத்தான் சூட்டை வெளிய விடும். பைபர் போட்டின்ர தளம் பத்து மணிக்குத் தோசைக்கல்லு. நனைச்ச சாக்கு கீழ, தறப்பாள் மேல. நாக்கு கடுஞ்சிவப்பாகி, வீணி தடிச்சு, கால் தள்ளாடினா உடன வயித்திலயும் காலிலயும் தண்ணி ஊத்திக் காத்துப் பட விட்டுக் கரைக்கு ஓடுங்கோ, வைத்தியரிட்டப் போங்கோ.

நேவி மறிக்க மாட்டாங்களா? அனுமதி ஏதும் வேணுமா? (வாசகி, கிளிநொச்சி)

தங்கச்சி, போட் கடற்றொழில் திணைக்களத்தில பதிஞ்சிருக்கவேணும், பதிவு இலக்கம் போட்டில தெளிவா எழுதியிருக்கவேணும், எல்லாரிட்டையும் அடையாள அட்டை இருக்கவேணும். வெளிக்கிட முதல்நாள் கடற்றொழிலாளர் சங்கத்தில சொல்லி, கரையில இருக்கிற நேவி பொயின்ரிலயும் எத்தினை பேர், எங்க போறம், எப்ப திரும்பிறம் எண்டு சொல்லிப்போட்டுப் போனா நல்லது. சொல்லிப்போட்டுப் போறது அவைக்காக மட்டுமில்லை, நாங்கள் திரும்பி வராட்டித் தேடுறதுக்கு ஆரும் இருக்கவேணும். காசு வாங்கி ஆக்களை ஏத்திறதெண்டா கதை வேற, மீன்பிடிப் பதிவை வைச்சுக்கொண்டு அது செய்யேலாது.

எங்களை ஒரு இடத்தில மறிச்சவை. போட்டைக் கிட்டக் கொண்டுவந்து, வலை இல்லை, மீன் இல்லை, ரெண்டு மனிசரும் ஒரு நாயும், எங்க போறியள் எண்டு கேட்டினம். சும்மா எண்டு சொன்னம். சும்மா எண்ட பதில் எங்கட கடலில கனகாலமா இல்லாத பதில், அவைக்கு அது விளங்கேல்லை. பிறகு அதில ஒரு பெடியன் கறுவலின்ர ஜக்கெற்றைக் கண்டு சிரிச்சுப் படமெடுத்தான், விட்டாச்சு.

நாயின்ர தடுப்பூசி அட்டையையும் பொலித்தீன் பையில சுத்திக் கொண்டுபோங்கோ. விசர்நாய்த் தடுப்பூசி வருசா வருசம் போடவேணும். போற ஊரில உங்கட நாய் ஆரையும் கடிச்சாலும், அந்த ஊர் நாய் உங்கட நாயைக் கடிச்சாலும், அந்த அட்டைதான் கதைக்கும். சுண்டிக்குளம் 2015ல தேசியப் பூங்கா ஆக்கின இடம், அதுக்குள்ள நாயை இறக்கேலாது. பூநாரையைப் போட்டில இருந்தே பாருங்கோ.

கரையில இறக்கி விட்டா நாய் தன்பாட்டில திரியட்டும்தானே? (வாசகர், புதுக்குடியிருப்பு)

இல்லை. இதுக்கு நான் கொஞ்சம் கோவமாவே பதில் சொல்லப்போறன். கடலைப் பற்றி நூறு கேள்வி கேக்கிற ஆக்கள் கரையைப் பற்றி ஒண்டும் கேக்கிறேல்லை, நாய்க்கு ஆபத்து முக்காவாசி கரையிலதான்.

முதலாவது, பேத்தை மீன். வலையில பட்டதைப் பெடியள் கரையில எறிஞ்சுவிடுவாங்கள், ஊர் நாயளுக்கு அது விசமெண்டு பழக்கத்தில தெரியும்போல, கிட்டப் போகாதுகள், வந்த நாய்க்குத் தெரியாது. அந்த நஞ்சுக்கு மாத்து மருந்து இல்லை. அடுத்தது, தங்கூசி வலைத் துண்டு, ஒற்றை நைலோன் இழையில பின்னினது. தங்கூசி வலை தடை எண்டாலும் கரையில கிடக்குது, காலில சுத்தினா ஓட ஓட இறுகும், ஒரு சின்னக் கத்திரிக்கோல் பொக்கற்றில இருக்கவேணும். இரை கொழுவின தூண்டில், திருக்கை முள்ளு, சொறிமுட்டை எல்லாம் இருக்கு. களப்பு முகத்துவாரத்தில தண்ணிக்கு விடாதேங்கோ, முதலைக்கு நாய் எண்டா நல்ல விருப்பம். பங்குனி சித்திரையில ஆமை முட்டையிட்ட இடங்களும் இருக்கும், நாய் மூக்கு அதை விடாது, ஆமை முட்டையைத் தொடுறது சட்டப்படி குற்றம், நாய் தொட்டாலும் நிக்கப்போறது நீங்கள்தான்.

எங்கட மண்ணுக்கே உரியது ஒண்டும் இருக்கு. கண்ணிவெடி எண்டு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இன்னும் சில இடத்தில நிக்குது. நாய்க்கு அது வாசிக்கத் தெரியாது. பத்தைக்குள்ள எறிஞ்ச பந்தை எடுக்க விட்டிட்டுப் பின்னால கூப்பிட்டுக்கொண்டு ஓடுற விளையாட்டை ஊராள் காட்டின மணலில மட்டும் விளையாடுங்கோ.

இதைவிடக் கருவாடு. தாளையடியில காயப்போட்டிருந்த கருவாட்டில கறுவல் ரெண்டு பெரிய பாரைத் துண்டை எடுத்திட்டான். கருவாட்டுக்காரி அக்கா வந்த வரத்தைப் பாத்து நான் காசை எடுத்து நீட்டினன், மனிசி காசை வாங்கேல்லை, "நாய்க்கு உப்புக் கருவாடு தின்னக் குடுக்கிறியே, தண்ணி குடு முதல்" எண்டு என்னைத்தான் பேசினவ. பேசிப்போட்டுத் தானே வாளியில தண்ணி கொண்டுவந்து வைச்சவ.

போட்டில நாயை ஏத்தினா தொழில் படாது எண்டு எங்கட சம்மாட்டி சொல்லுறார். மூடநம்பிக்கைதானே? (வாசகர், நாயாறு)

போட் ஆரின்ர? அவரின்ர. அப்ப அவர் சொல்லுறதுதான். ரெண்டாவது, வலையில நாய் மூத்திரம் பெஞ்சா அதைக் கழுவிறது நீங்களோ அவரோ? கேட்டுப்பாருங்கோ.

மன்னார்ப் பக்கம் இப்பிடிப் போகேலாதா? (வாசகர், விடத்தல்தீவு)

போகலாம், ஆனா அது வேற கடல். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், காத்துக் கொஞ்சம் பிடிச்சாலே குறுகின செங்குத்து அலை எழும்பிப் போட்டைக் குலுக்கி எடுத்திடும், நாய்க்கு அந்தக் குலுக்கல்தான் ஒத்துவராது. எங்கட பக்கம் வத்துப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், எங்களுக்கு அது கணக்கே இல்லை, ஆனா உங்கட சேத்துக் கரையில அந்த ஒரு முழமே போட்டைச் சேத்தில இருத்திப்போடும். சோளகத்தில வேண்டாம். கடல் எல்லைப் பக்கம் போகவே வேண்டாம், ராவில றோலர் (இழுவைப்படகு) ஓடுற இடத்தில சின்னப் போட்டுக்கு வேலையில்லை. உங்கட ஊர்க் கண்டல் காட்டோரம் விடிய ஒரு மணித்தியாலம் ஓடிப்போட்டு வீட்டை வந்து சாப்பிடுங்கோ, அதுவே காணும்.

மருமகன் நோர்வேயில பாய்ப்போட் வைச்சிருக்கிறார், நாயோட ஊர் ஊராப் போறவர். அதிலயே இஞ்ச வரப்போறன் எண்டு சொல்லுறார். நாயை இறக்க விடுவினமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பாய்ப்போட்டில வாறவர் முல்லைத்தீவுக் கரையில நேர வந்து ஏறேலாது ஐயா, திருகோணமலை மாதிரி ஒரு நுழைவுத் துறைமுகத்தில பதிஞ்சு, சுங்கமும் குடிவரவும் முடிக்கவேணும். நாய்க்குப் பேராதனையில இருக்கிற கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின்ர இறக்குமதி அனுமதி முன்கூட்டியே எடுக்கவேணும், வந்த பிறகு கேட்டா நாய் போட்டிலதான்.

அவருக்கு மறக்காமல் சொல்லவேண்டியது திரும்பிப் போற கதை. இலங்கையில இருந்து நோர்வேக்கு நாய் திரும்பிறதெண்டா விசர்நோய் எதிர்ப்புச் சக்தி ரத்தப் பரிசோதனை கேப்பினம், 0.5 அலகுக்குக் குறையக்கூடாது. அதை அங்க வெளிக்கிட முன்னமே செய்து, தடுப்பூசியையும் விடாமல் போட்டுக்கொண்டு வந்தா சரி, இஞ்ச வந்து செய்தா ரத்தம் எடுத்த நாளில இருந்து மூண்டு மாசம் காத்திருக்கவேணும். நாடாப்புழு மருந்தும் நோர்வேக்குள்ள போக முன்னம் 24 தொடக்கம் 120 மணித்தியாலத்துக்குள்ள வைத்தியர் குடுத்துப் பதியவேணும். மூண்டு மாசம் நிக்கவேண்டி வந்தாலும் ஒட்டுசுட்டானில அவைக்குச் சாப்பாட்டுக்குக் குறைவிராது எண்டு நினைக்கிறன்.

கறுவல் திரும்பவும் போட்டில ஏறுவானா? (சின்னப்பிள்ளை ஒண்டு, வற்றாப்பளை, அம்மான்ர போனில)

ஏறுவான் செல்லம். வீட்டை வந்து உப்புப் போக நல்ல தண்ணியில குளிப்பாட்டி, காதுக்குள்ள துடைச்சு, ரெண்டு நாள் கட்டிலுக்குக் கீழ படுத்து நித்திரை கொண்டான், எனக்கும் இனி வரமாட்டான் எண்டுதான் பட்டது. மூண்டாம் நாள் விடிய மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிற சத்தம் கேட்டுது, வந்து அந்தத் தும்புக் கால்மிதிக்கு மேல ஏறி இருந்திட்டான். நான் கானைத் தூக்கினது குசினிக்கு.